வீட்டுல செஞ்ச ஸ்லூயிஸ் பாக்ஸ் ரிவ்யூ: பெட்டிய விடுங்க, உள்ள விரிக்கிற மேட்ட பாருங்க

ஆத்து மணல்ல தங்கம் அரிக்க ஸ்லூயிஸ் பாக்ஸ் ரெடிமேடா வாங்கலாமா இல்ல நாமளே செஞ்சுக்கலாமான்னு கேட்டா என் ஓட்டு செஞ்சுக்கறதுக்குத் தான். பெட்டி ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல, தகடு மடிக்கத் தெரிஞ்ச ஆளு ஒரு மதியத்துல முடிச்சிடலாம், உள்ள விரிக்கிற மேட்டு, அதுக்கு மேல குறுக்க வைக்கிற ரிஃபிள்ங்கற தடுப்புப் பட்டை, நாம குடுக்கற சரிவு இந்த மூணுல தான் மொத்த கதையும் இருக்கு. வீடியோல பெட்டிக்கு பெயிண்ட் அடிச்சு ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டிக் காட்டுவாங்க, தங்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. அதனால பெட்டிக்கு மார்க் போடாம பாகம் பாகமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். ஸ்லூயிஸ்னா ரெண்டு பக்கமும் தடுப்பு வச்ச நீளமான ஓடை மாதிரி ஒரு பெட்டி, ஓடற தண்ணில சாய்ச்சு வச்சு மேல் முனைல மணல போட்டா லேசானது அடிச்சிட்டு போயிடும், கனமானது தங்கிடும். குவார்ட்ஸ் மணலோட அடர்த்தி 2.65 தான், கருமணல்ல இருக்கற மேக்னடைட் 5.2 கிட்ட வரும், தங்கம் 19.3. இவ்ளோ வித்தியாசம் இருக்கறப்ப தங்கம் எங்க போயிடப் போகுதுன்னு தோணும், கோதுமை சைஸ் துண்டா இருந்தா நெஜமாவே எங்கயும் போகாது, எந்தப் பெட்டியும் அத புடிச்சிடும். ஆனா நமக்குக் கிடைக்கிறது முக்காவாசி பொடி, அதுவும் உருண்டையா இல்லாம தட்டையா அடிபட்டு செதில் செதிலா வரும், அந்தத் தட்டையான செதில தண்ணி ஈஸியா தூக்கிட்டு போயிடும். அதனால ஒரு ஸ்லூயிஸ் நல்லதா இல்லையான்னு சொல்றதுக்கு ஒரே அளவுகோல், பொடித் தங்கம் எவ்ளோ நிக்குதுங்கறது தான்.

பெட்டிய சீக்கிரமா முடிச்சிடறேன். நான் வச்சிருக்கறது அலுமினியத் தகடு, 10 இன்ச் அகலம், நாலு அடிக்குக் கொஞ்சம் கூட. ரெடிமேட் ஸ்லூயிஸ் விக்கற கீன் கம்பெனியோட ஏ52 மாடல் ரொம்ப காலமா அந்த அகலத்துல தான் வருது, ஒரு ஆளு மண்வெட்டில போடற அளவுக்கு அது போதும், தோள்ல போட்டுட்டு நடக்கவும் முடியும். பிளைவுட்லயும் செய்யலாம், ஆனா நனைஞ்சா ஊறி கனமாகும், இடுக்குல பொடி போய் மாட்டும். பழைய காலத்து சுரங்கக்காரங்க தேஞ்சு போன மரப் பெட்டிய எரிச்சு சாம்பல அரிச்சு தங்கம் எடுத்திருக்காங்கன்னா எவ்ளோ மாட்டியிருக்கும்னு பாத்துக்கோங்க. பிவிசி பைப்ப நீளவாக்குல பாதியா அறுத்து செய்யறது பாக்க ஐடியாவா இருக்கும், எனக்குப் பிடிக்கல, அடி வளைவா இருக்கறதால தண்ணி நடுவுல மட்டும் வேகமா ஓடும், மேட்டும் ஒழுங்கா படியாது. மழைத்தண்ணி வடியற கட்டர்ல தட்டை அடி உள்ளது கிடைச்சா அது வீட்டுக்குள்ள ஓட்டற சின்ன பெட்டிக்கு சூப்பர்.

இப்ப ஹங்கேரியன் ரிஃபிள். குறுக்க வைக்கிற தகட்டுப் பட்டை, மேல் விளிம்பு தண்ணி போற திசைல மடிஞ்சு ஒரு உதடு மாதிரி இருக்கும், அந்த உதட்டுக்குப் பின்னாடி தண்ணி சுழிக்கும், சுழில கனமானது கீழ இறங்கும். பெரிய துண்டுக்கு இத அடிச்சிக்க ஆளே இல்ல, கல்லு சரளை எவ்ளோ வந்தாலும் தாங்கும். ஆனா கருமணல் ஜாஸ்தி இருக்கற இடத்துல கொஞ்ச நேரத்துலயே ரிஃபிளுக்குப் பின்னாடி கருமணல் இறுகி சிமெண்ட் போட்ட மாதிரி ஆயிடும், சுழி நின்னுடும், அதுக்கப்புறம் வர்ற பொடி எல்லாம் மேலயே சறுக்கிட்டு வெளிய போகுது. இது ரெடிமேட் பெட்டிலயும் நடக்கற விஷயம் தான். அதனால நான் பண்ண முக்கியமான மாத்தம், கீழ் பாதில ரிஃபிள மொத்தமா கழட்டிட்டேன், மேல் பாதில மட்டும் இருக்கு. அஞ்சுக்கு மூணு குடுப்பேன்.

கழட்டின இடத்துல எக்ஸ்பாண்டட் மெட்டல், வைர வடிவ ஓட்டை இருக்கற இரும்பு வலை, கேட்டு கிரில்லுக்கு எல்லாம் போடுவாங்களே அது. இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். தட்டையா உருட்டி அமுக்கின டைப் வாங்காதீங்க, அதுல சுழி வராது, மேடு பள்ளம் இருக்கற டைப் தான் வேணும். இன்னொண்ணு திசை, வலையோட ஒவ்வொரு இழையும் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், அந்த சாய்வு தண்ணி போற பக்கம் பாத்து இருக்கணும், அப்ப தான் ஒவ்வொரு வைரத்துக்குப் பின்னாடியும் குட்டிக் குட்டியா சுழி வரும். திருப்பி வச்சாலும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி தான் தெரியும், அதனால விரலால தடவிப் பாத்துட்டு வைங்க. விலைக்கும் வேலைக்கும் பாத்தா பெட்டில இதுக்குத் தான் அதிக மார்க், நாலரை.

வலைக்குக் கீழ மாஸ் மேட். மைனர்ஸ் மாஸ்னு தனியா விக்கிறாங்க, அதே மாதிரி நூடுல்ஸ் பின்னல் வினைல் மேட்டு வாசல்ல கால் துடைக்கப் போடறதுலயும் வருது, அடில ஷீட் ஒட்டாததா பாத்து வாங்கினா வேலை நடக்கும். பொடிய நல்லா புடிக்குது, அதுல குறை சொல்ல முடியாது, ஆனா கழுவறது இருக்கே, பக்கெட்ல முக்கி முக்கி எடுத்து, உதறி, திரும்ப முக்கி, அப்பவும் வெயில்ல புடிச்சு பாத்தா ஒரு மினுக்கு தெரியும். பழைய கார்பெட் போடலாம்னு சொல்றவங்க இருக்காங்க, போடாதீங்க, நூல் பிரிஞ்சு கழுவின மணலோட கலந்து உயிர எடுக்கும். இந்த மேட் ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல, ஜார்ஜியா நாட்டுல ஸ்வானெட்டி மலைப்பக்கம் ஆட்டுத்தோல ஓடைல போட்டு கம்பளிமுடில தங்கப் பொடி புடிச்சிருக்காங்க, கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே அத எழுதி வச்சிருக்கார்.

மேல் முனைல ரிஃபிள் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாண் அளவுக்கு கருப்பு ரப்பர் மேட், வி வடிவ வரி போட்டது. இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம். மணல போட்ட உடனே தங்கம் இருந்தா இந்த வரிலயே ஒண்ணு ரெண்டு நின்னுடும், கருப்பு மேல மஞ்சள் பளிச்னு தெரியும், இந்தக் குழில தோண்டறது வேஸ்டா இல்லையான்னு பெட்டிய பிரிக்காமலே தெரிஞ்சிடும். இல்லாதவங்க முதல்ல இத போடுங்க.

வோர்டெக்ஸ் மேட்னு அச்சுல வார்த்த ரப்பர் மேட்டும் இருக்கு, ரிஃபிளே தேவையில்ல, குழிகளே சுழிய உண்டாக்கும். கழுவறது சுருட்டி எடுத்து பக்கெட்ல ஒரு தடவ அலசினா முடிஞ்சது, மாஸோட போராடினவங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும். விலை அதிகம் தான், ஆனா வீட்டுல செய்ய முடியாத ஒரே ஐட்டம் இது, காசு போடறதா இருந்தா பெட்டில போடாம இதுல போடுங்க. மண்ண நல்லா சலிச்சு போட்டா தான் இது ஒழுங்கா வேலை செய்யும், பெரிய கல்லு உருண்டா குழில இருக்கறத கிளப்பி விட்டுடும்.

சலிக்கறத பத்தி சொல்லியே ஆகணும், பாதி பேர் அத பண்றதில்ல. அரை இன்ச் சல்லடைல சலிச்சாலே தண்ணி வேகத்த குறைக்கலாம், கால் இன்ச்னா இன்னும் குறைக்கலாம், ஏன்னா வேகம் வைக்கிறதே பெட்டில இருக்கறதுலயே பெரிய கல்ல தள்றதுக்குத் தான், அந்த வேகத்துல தான் பொடி போகுது. சரிவுக்கு ஆரம்பக் கணக்கு அடிக்கு ஒரு இன்ச், அதாவது நாலு அடிப் பெட்டிக்கு நாலு இன்ச் இறக்கம், அங்கேர்ந்து கூட்டிக் குறைச்சு பாக்கணும். ரிஃபிளுக்குப் பின்னாடி மணல் கொதிக்கிற மாதிரி ஆடிட்டே இருந்தா சரி, ஆடாம இறுகினா தண்ணி பத்தல, ரிஃபிள் சுத்தமா வெறும் தகடா தெரிஞ்சா வேகம் ஜாஸ்தி. கால்ல போல்ட் நட் வச்சு ஏத்தி இறக்கற மாதிரி செஞ்சது தான் நான் பண்ண மாத்தத்துலயே சல்லிசானது, கல்லு அடுக்கி லெவல் பாக்கற தொல்லை போச்சு. மேல் முனைல விரிஞ்ச வாய் ஒண்ணு வச்சா சோம்பலா ஓடற ஓடைலயும் தண்ணி கூட கிடைக்கும்.

வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்? கிடைச்சத பாத்து சந்தோஷப்பட்டா தெரியாது, வெளிய போனத பாக்கணும். பெட்டிக்குக் கீழ ஒரு டப் வச்சு வந்தத தட்டுல அரிச்சு பாருங்க. இன்னும் கறாரா வேணும்னா ஈயத்த சுத்தியால தட்டி மெல்லிசாக்கி சின்னச் சின்னதா நறுக்கி எண்ணி போடுங்க, ஈயத்தோட அடர்த்தி 11.3 தான், அது நின்னா அதே சைஸ் அதே வடிவத் தங்கம் நிச்சயம் நிக்கும். இத ஆத்துல பண்ணாதீங்க, டப் வச்சு வீட்டுல பண்ணுங்க, துண்டு எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டு கைய கழுவிக்கோங்க. என் பெட்டில 30 மெஷ், அதாவது 0.6 மில்லிமீட்டர் வரைக்கும் நல்லாவே நிக்குது, 100 மெஷ் பக்கம் போனா, 0.15 மில்லிமீட்டர், நழுவ ஆரம்பிக்குது. அந்த மாவுப் பொடிக்காக பாதரசம் யூஸ் பண்ணலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, விஷம், ஆவியா மூச்சுல போகும், ஆத்துல கலந்தா மீன் வரைக்கும் போகும். கருமணல காய வச்சு மேக்னட்டால இழுத்துட்டு மிச்சத்த பொறுமையா தட்டுல ஆட்டினா போதும். ஆத்துல பெட்டி போடறதுக்கு அந்த இடத்து ரூல் என்னன்னு முன்னாடியே கேட்டுக்கறதும் உங்க வேலை.

கடைசியா பம்பு வச்சு ஒரே தண்ணிய சுத்தி ஓட்டற செட்டப். படகுல தண்ணி வெளியேத்தற 12 வோல்ட் பம்பு தான் எல்லாரும் போடறது, கட்டர் பெட்டிக்கு அது தாராளம். ஆனா கழுவின மண்ணு அதே டப்ல விழுந்து பம்பு மணல குடிச்சா உள்ள சுத்தற இம்பெல்லர் பிளேடு தேஞ்சுடும், அதனால பம்ப தனியா ஒரு சின்ன பக்கெட்ல உக்கார வச்சு அந்த பக்கெட்டோட வாய் டப்ல படியற மண்ணுக்கு மேல நிக்கற மாதிரி வைங்க, தெளிஞ்ச தண்ணி மட்டும் வழிஞ்சு உள்ள போகும். தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டா பொடி மேல மிதக்காம கீழ இறங்கும், ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு தான், கூட விட்டா நுரைல ஒண்ணும் தெரியாது. பம்போட விலைக்கு மூணு மார்க், வீட்டுல உக்காந்துட்டே மிச்சக் கருமணல ஓட்டற சுகத்துக்கு இன்னொண்ணு சேத்து நாலு.