பனிமலையில் கிறிஸ்துமஸ் மரம் வெட்ட: டயர், சங்கிலி, ரம்பம் – நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கொலராடோவின் அரப்பஹோ–ரூஸ்வெல்ட் தேசியக் காட்டில் வீட்டுக்கு வேண்டிய கிறிஸ்துமஸ் மரத்தை நாமே வெட்டிக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். சீட்டு வாங்குவது எளிது. பனி மூடிய மண்சாலையில் போய்த் திரும்புவதுதான் வேலை. பல குளிர்காலங்களில் இதற்கு உழைத்த சாமான்களைப் பற்றியது இந்தப் பதிவு.

பணத்தை முதலில் டயரில் போடுங்கள். வண்டியை உயர்த்தும் கிட், கூடுதல் விளக்கு எல்லாம் பிறகு. நான்கு சக்கர இயக்கம் ஏறுவதற்கு உதவும். பிரேக் பிடிக்கும்போது டயர்தான் காப்பாற்ற வேண்டும். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த டயராகப் பாருங்கள். ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து மட்டும் போதாது, அது பனிச் சோதனையில் தேறியதற்கான அடையாளம் அல்ல. மலைச் சாலைகளுக்கு மாநிலச் சட்டம் கேட்கும் டயர்ப் பள்ள ஆழம் 3/16 அங்குலம். காட்டுச் சாலைக்கு அதற்கு மேலும் இருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். வீட்டுக் கொட்டகையில் 35 வைத்த டயர், மலை மேலே 30-க்கு வந்து நிற்கும். அதனால் காட்டு வாசலில் அளந்து, அங்கிருந்தே குறைக்க வேண்டும். 18 முதல் 20 வைத்தால் டயர் அகன்று, புதுப் பனியில் புதையாமல் நன்றாக மிதக்கும். 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். மறுபடி காற்றடிக்கும் கம்ப்ரஸர் பேட்டரியில் நேராகக் கவ்வும் வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது பெரிய டயருக்கு உருகியை (ஃபியூஸ்) எரித்துவிடும். வால்வுக்குள் ஈரம் உறைந்தால் காற்று கசியும், எனவே மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டுவதென்றால் காற்றைக் குறைக்கக் கூடாது. தளர்ந்த டயரில் சங்கிலி நழுவிப் பக்கச்சுவரை அறுக்கும். மாட்டியபின் நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் இருந்தால் மிக நல்லது. ஒரு ஜோடிதான் என்றால் வண்டிக் கையேடு சொல்லும் அச்சில் போட்டு, இறக்கத்தில் நிதானம் காட்டுங்கள்: பின்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் திரும்ப மறுக்கும், முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் சுற்றி வரும். இறக்கத்துக்கு லோ ரேஞ்ச் (வண்டியை மெதுவாக ஓட்டும் கியர் நிலை), முதல் கியர். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாலே போதும்.

பனி டிஃபரன்ஷியல் (அச்சில் புடைத்திருக்கும் கியர்ப் பெட்டி) உயரத்தை எட்டினால் அங்கேயே திரும்புங்கள். அதன் பிறகு அடிவயிறு பனி மேல் ஏறி, சக்கரம் தொங்கிவிடும். வண்டி சிக்கிக்கொண்டால் முதலில் மண்வாரி, பிறகுதான் மீட்புப் பலகை (சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பல் வைத்த பலகை). பலகை மேல் சக்கரத்தைச் சுழல விட்டால் பற்கள் உருகிப்போகும்; எங்களிடம் பழசான பலகைகளெல்லாம் இப்படித்தான் வீணாயின. மடக்கு மண்வாரி எதற்கும் ஆகாது. நீள்கைப்பிடி அலுமினிய மண்வாரிதான் பனிக்குச் சரி. நின்றபடி எஞ்சின் ஓடினால் புகைக்குழாயைச் சுற்றிய பனியைத் தள்ளிவிடுங்கள், இல்லையேல் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும்.

இந்தக் காட்டுக்கே உரிய ஆபத்து இன்னொன்று. 1990-களின் இறுதியில் தொடங்கிய பைன் வண்டுத் தாக்குதலில் பட்டுப்போன லாட்ஜ்போல் பைன் மரங்கள், காற்றடித்தால் சாலையின் குறுக்கே விழும். உள்ளே போன வழி திரும்பும்போது அடைபட்டிருக்கலாம். பலத்த காற்று அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

வெட்டுவதற்கு 240 மில்லிமீட்டர் மடக்கு இழுரம்பம் போதும். சில்க்கி நிறுவனத்தின் கோம்பாய் ரம்பம் நன்றாக உழைக்கிறது. இழுக்கும்போது மட்டும் அழுத்த வேண்டும். தள்ளும்போது அழுத்தினால் அலகு வளைந்து முறியும். பிசினை ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். வில்ரம்பம் தாழ்ந்த கிளைகளில் சிக்கிக்கொண்டே இருக்கும். சங்கிலி ரம்பத்துக்கு அனுமதி உண்டா, அடிக்கட்டை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பவை இடத்துக்கு இடம் மாறும், சீட்டைப் படியுங்கள். மரத்தின் உச்சியை மட்டும் வெட்டுவது எங்கும் கூடாது.

ஊசியிலையை விரலிடையே உருட்டிப் பாருங்கள்: உருண்டால் ஸ்ப்ரூஸ், தட்டையாக நின்றால் ஃபிர், இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் லாட்ஜ்போல் பைன். ஸ்ப்ரூஸ் கையைக் குத்தும், வீட்டுச் சூட்டில் சீக்கிரம் உதிரும். ஃபிர்தான் எங்கள் தேர்வு. காட்டில் மரம் சின்னதாகத் தெரியும், அதனால் நாடாவால் அளந்தே வெட்டுங்கள். எட்டடிக் கூரைக்கு ஏழடி.

தார்ப்பாயில் சுற்றி, அடிமரம் முன்னால் வரும்படி வண்டிக் கூரையில் கட்டுங்கள். வீட்டில் அடியை ஓர் அங்குலம் புதிதாக அறுத்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தாமதித்தால் பிசின் அடைத்து நீர் ஏறாது. அடிமரக் குறுக்களவில் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கணக்கில், தாங்கியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.