1968-ன் இரண்டு சோல் கிறிஸ்துமஸ் ஆல்பங்கள்: எதை முதலில் போடலாம்?

இரண்டுமே 1968-ல் அமெரிக்காவில் வந்தவை. சோல் என்பது அமெரிக்கக் கறுப்பர்களிடையே உருவான, உணர்ச்சி பொங்கப் பாடும் இசை வகை. ‘சோல் கிறிஸ்துமஸ்’ பலருடைய பாடல்களின் தொகுப்பு. ‘எ சோல்ஃபுல் கிறிஸ்துமஸ்’ முழுக்க பாடகர் ஜேம்ஸ் பிரவுன்.

வீடு நிறைய ஆட்கள் என்றால் தொகுப்புதான் சரி. புக்கர் டி குழுவின் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ குரலே இல்லாமல் ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியத்தில் துள்ளும். அப்புறம் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. மற்றவர்கள் மென்மையாகப் பாடியதை இவர் கெஞ்சிப் பாடுகிறார். ஒரு சொல்லை இழுத்து, உடைத்து, மறுபடி பிடிக்கிறார். ஆல்பம் வரும்போது அவர் உயிரோடு இல்லை. 1967 டிசம்பர் 10-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

பிரவுனுடையது வேறு ரகம். சாண்டா கிளாஸை நேராகக் கெட்டோவுக்கு, அதாவது ஏழைக் கறுப்பர்கள் வாழும் நகரப் பகுதிக்கு, போகச் சொல்லும் பாட்டு இதில்தான் இருக்கிறது. கறுப்பராக இருப்பதில் பெருமை என்று உரக்கச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாட்டும் கூடவே வருகிறது. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட வருடம் அது; அதை மனதில் வைத்துக் கேளுங்கள். மெதுவான பாடல்கள் சில சுமார்தான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. பண்டிகை போய்ச் சேராத தெருக்களைப் பற்றி இவ்வளவு நேரடியாக மற்ற ஆல்பம் பேசுவதில்லை.