பழைய ஹார்ட் டிஸ்க்கை முடுக்குவதா, எஸ்எஸ்டி பூட்டுவதா? கரண்ட் போகிற ஊரில் கேம் விளையாடுபவர்களுக்கு

சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியைப் பூட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்கையும் கழட்டாதீர்கள். என் முடிவு இதுதான். என்னிடம் இருப்பது எச்81 மதர்போர்ட் போட்ட நாலாம் தலைமுறை இன்டெல் மெஷின். யாழ்ப்பாணத்துக் கடைகளில் பாவித்த ஒபிஸ் மெஷின் என்று விற்பார்களே, அந்த ரகம். கிராபிக்ஸ் கார்ட் பிறகு போட்டது. கூடவே வந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை செட்டிங்ஸ் மாற்றியே ஓட்டுவதா, ஹார்ட் டிஸ்க் மாதிரியே வயரில் செருகும் சாட்டா எஸ்எஸ்டி வாங்குவதா, அடாப்டர் போட்டு பிசிஐஇ ஸ்லொட்டில் ஓடும் இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்குப் போவதா என்று மூன்று வழி இருந்தது. சாட்டாவை எடுத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். டிஸ்க்கை மாற்றினால் எப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) ஏறாது, அது கிராபிக்ஸ் கார்டும் ப்ரொசெசரும் பார்க்கிற வேலை. குறைவது லோடிங் நேரமும், திறந்த உலக கேம்களில் வேகமாக ஓடும்போது வருகிற அந்தத் திக்கலும். லோடிங் கூட முழுக்க டிஸ்க்கின் குற்றமில்லை. ஜிடிஏ ஒன்லைன் வருடக்கணக்கில் இழுத்து இழுத்து லோட் ஆனதற்குப் பெரிய காரணம், அது ஒரு பெரிய பட்டியலைப் படித்த முறையில் இருந்த பிழை. 2021 மார்ச்சில் அதைத் திருத்திய பிறகு, டிஸ்க்கை மாற்றாதவர்களுக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது.

சரி, ஹார்ட் டிஸ்க்கில் செட்டிங்ஸ் மாற்றி எவ்வளவு எடுக்கலாம்? கொஞ்சம் எடுக்கலாம். பவர் ஒப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தை ‘நெவர்’ என்று வைத்தால், விளையாட்டின் நடுவே டிஸ்க் உறங்கி எழும்பும் அந்த ஓரிரு செக்கன் நிறுத்தம் போய்விடும். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்யலாம். தட்டின் வெளிவிளிம்புதான் வேகமான இடம், டிஸ்க்கைப் பிரிக்கும்போது வரும் முதல் பகுதி (பார்டிஷன்) அங்கேதான் விழும், கேம்களை அதில் வைக்கலாம். டிஸ்க்கை நிரப்பி வைக்காமல் இடம் விடலாம். ஆனால் 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செக்கன் எடுக்கும், வேண்டிய இடம் வந்துசேர சராசரி அதில் பாதி. அதற்கு மேல், தட்டை வாசிக்கும் ஹெட் நகரும் நேரமும் சேரும். சின்னச் சின்ன ஃபைல்களாகத் தேடும்போது செக்கனுக்கு நூறு தடவை கூடத் தாண்டுவது கஷ்டம். எந்த செட்டிங்கும் தட்டைச் சுற்றுகிற வேகத்தை மாற்றாது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது வேகம் இல்லை, கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம். இப்போது அந்த அளவு இல்லை. ஆனால் சோளகக் காற்று வீசுகிற நாட்களில் ஒரு பனை மட்டை லைனில் விழுந்தாலே போதும்.

ஹார்ட் டிஸ்க்கை முடுக்க என்று சொல்லித்தரும் வழிகளில் அடிக்கடி வருவது டிவைஸ் மனேஜரில் பொலிசிஸ் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பெட்டி, ரைட்-கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை, அதாவது தற்காலிக நினைவகமான கேஷில் நிற்கும் தரவை உடனே டிஸ்க்கில் எழுதவைப்பதை, நிறுத்துவது. அதைத் தொடும் முன் அதன் கீழே விண்டோஸே எழுதியிருப்பதை வாசியுங்கள்: கரண்ட் போனாலும் டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கிடைத்தால் மட்டும் தெரிவு செய்யவும். டிஸ்க்கில் எழுதியாயிற்று என்று கேம் நம்பியிருக்கும், தரவு இன்னும் கேஷில்தான் நிற்கும், அந்த நேரம் கரண்ட் போனால் சேவ் ஃபைல் போச்சு. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். முதல் பெட்டி வழமையாகவே டிக் பண்ணித்தான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் ‘பவர்-ஓஃப் ரிட்ராக்ட் கவுண்ட்’ என்று ஒரு வரி உண்டு. திடீரென்று கரண்ட் போய், ஹெட்டை அவசரமாக உள்ளே இழுக்க வேண்டி வந்த தடவைகளை அது எண்ணி வைக்கும். உங்கள் டிஸ்க்கில் அந்த எண்ணைப் பாருங்கள். எஸ்எஸ்டியில் இழுக்க ஹெட்டே இல்லை. ஆனால் அதுவும் கரண்ட் வெட்டுக்குத் தப்பியது இல்லை, வீட்டுப் பாவனைக்கு விற்கும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவற்றில் கேஷைக் காப்பாற்றும் கபாசிட்டர் கிடையாது. வித்தியாசம் தெரிவது பின்வேலையில். கரண்ட் போய் வந்த பிறகு 100 ஜிபி கேம் ஒன்றை ஸ்டீமில் வெரிஃபை செய்ய (ஃபைல்கள் பழுதில்லையா என்று சரிபார்க்க), செக்கனுக்கு 150 எம்பி வாசிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லபடி போனாலே பதினொரு நிமிடம். சாட்டா எஸ்எஸ்டியில் மூன்றரை நிமிட அளவு, பழைய ப்ரொசெசர் என்றால் கொஞ்சம் கூடும். அதன்பிறகு பழுதான பகுதியைத் திரும்ப இறக்க டேட்டா போகும். மாதம் இவ்வளவு ஜிபி என்று எண்ணிப் பாவிக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்ட வேண்டாம் என்கிறேன். இறக்கிய கேம்களின் கிடங்காக அது இருக்கட்டும். விளையாடுகிற கேமை மட்டும் ஸ்டீமின் ‘மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்’ வழியாக எஸ்எஸ்டிக்கு மாற்றலாம், திரும்ப இறக்கத் தேவையில்லை. விண்டோஸும், ரம் போதாதபோது அது பாவிக்கும் பேஜ் ஃபைலும் எஸ்எஸ்டியில். டிஃப்ராக் புரோகிராம் எதையும் எஸ்எஸ்டியில் ஓட்டாதீர்கள், அழித்த இடம் எதுவென்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வேலையை விண்டோஸ் தானே பார்க்கும். எச்81 மதர்போர்டில் உள்ள நாலு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட். எஸ்எஸ்டி வயரை அதில் செருகுங்கள், ஹார்ட் டிஸ்க்குக்கு மற்றது போதும்.

என்விஎம்இ என் மெஷினில் போடவில்லை, தம்பியின் மெஷினில் பார்த்த பழக்கம்தான். என்னுடையதில் கிராபிக்ஸ் கார்ட் பெரிய ஸ்லொட்டைப் பிடித்தபின் மிஞ்சுவது பிசிஐஇ 2.0 ஒற்றை லேன் (ஒரே தரவுப் பாதை) உள்ள சின்ன ஸ்லொட், உச்சமே செக்கனுக்கு 500 எம்பி. சாட்டாவைவிட வேகம் ஒன்றும் கிடைக்காது, அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆவதும் நிச்சயமில்லை. என்விஎம்இயை நேரே பூட்டும் எம்.2 ஸ்லொட் உள்ள புது மதர்போர்ட் என்றால் யோசிக்காமல் என்விஎம்இயே எடுங்கள். 2023 இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்கிறது, சைபர்பங்க் 2077 உம் இப்போது அப்படித்தான்.

பழைய கேம்களோடு நிற்பவருக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். ஆனால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ரீஅலொகேட்டட் (பழுதாகி மாற்றப்பட்டது), பெண்டிங் (வாசிக்க முடியாமல் நிற்பது) என்ற இரண்டு செக்டர் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டு போனால், செட்டிங்ஸ் பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. முக்கியமானதை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டியா யூபிஎஸ்ஸா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்த சம்பளத்தில் யூபிஎஸ்.