மாதக் காசில்லாத டிஷ்ஷில் டாக்குமென்டரி: பிபிஎஸ் அமெரிக்காவா, பிபிசி ஃபோரா?

எங்கள் தெருவில் எல்லா வீட்டு டிஷ்ஷும் தென்கிழக்கைப் பார்த்துத்தான் நிற்கும். லண்டனிலிருந்து பார்த்தால் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் அந்தப் பக்கம், 28.2 பாகை கிழக்கில் இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டிவந்த சேவையை நான் நிறுத்தியபோது பெட்டிதான் வீட்டை விட்டுப் போனது, டிஷ் சுவரிலேயே இருந்தது. ஏணி தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வேலியோரமாக வந்தார். "உதைக் கழட்டாதேங்கோ தம்பி. ஃப்ரீசாட் பெட்டி ஒண்டு வாங்கிக் கொளுவினால் காணும். மாசக் காசு ஒண்டும் இல்லை."

ஃப்ரீசாட் என்பது பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனங்களான பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2008 மே மாதம் தொடங்கிய இலவசச் செயற்கைக்கோள் சேவை. அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் நான் அவசரப்பட்டு, யாரோ விற்ற பழைய பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். எல்லாம் வந்தது, பிபிசி மட்டும் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், டிஷ்ஷைத் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது: செயற்கைக்கோளில் எஸ்டி எனப்படும் பழைய, தெளிவு குறைந்த ஒளிபரப்பை பிபிசி 2024 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. தெளிவு கூடிய எச்டி என் பெட்டிக்குத் தெரியாது. இரண்டாவதாக எச்டி பெட்டி வாங்கிய பிறகுதான் வீட்டில் என் மானம் திரும்பியது. வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஷ்ஷின் நுனியில் இருப்பது ஸ்கை க்யூ என்ற கட்டணச் சேவைக்காகப் போட்ட வைட்பேண்ட் எல்என்பி (சிக்னலை வாங்கும் உறுப்பு) என்றால், பழைய ஃப்ரீசாட் பெட்டிகளோடு அது ஒத்துப்போகாது. எல்என்பியை மாற்ற வேண்டிவரும்.

சரி, டாக்குமென்டரிக்கு வருவோம். புதுப் பெட்டி வந்த இரவு, சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போனேன். நகை விற்கும் சேனல், பழைய கௌபாய் படம், மதப் பிரசங்கம் எல்லாம் தாண்டி ஓரிடத்தில் விரல் நின்றது. கறுப்புவெள்ளைப் புகைப்படம் ஒன்று. கேமரா அதன் மேல் மெதுவாக ஊர்ந்து, வரிசையாக நிற்கும் சிப்பாய்களில் ஒருவனுடைய கையில் போய் நின்றது. பின்னால் ஒரு வயலின். யாரோ ஒரு பழைய கடிதத்தை வாசிக்கிறார். மூலையில் பிபிஎஸ் அமெரிக்கா என்று எழுதியிருந்தது. அமெரிக்கப் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்ஸின் படங்களை இங்கே காட்டும் சேனல். படம் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்', அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990இல் வந்த 9 பகுதித் தொடர். நின்ற படத்தின் மேல் கேமராவை இப்படி ஊர விடுவது அவர் கையெழுத்து மாதிரி ஆகி, ஆப்பிளின் ஐமூவி என்ற வீடியோ வெட்டும் செயலியில் அந்த உத்திக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தை வீடியோவாக்கும் நம் பிள்ளைகளில் பலர் அவர் யாரென்று தெரியாமலே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தச் சேனல் இங்கே வந்தது 2011 நவம்பரில். ஃப்ரீசாட்டில் மட்டுமல்ல, ஆன்டெனா வழியாக வரும் ஃப்ரீவியூவிலும் கிடைக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் என் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்ததை, பணம் கட்டுவதை நிறுத்திய பிறகுதான் பார்த்தேன் என்பது கொஞ்சம் உறுத்தியது.

இதற்கு நேர்ப்போட்டி பிபிசி ஃபோர். 2002 மார்ச்சில் தொடங்கியது. யோசிக்க ஓர் இடம் எல்லோருக்கும் வேண்டும் என்பதுதான் அப்போது அதன் விளம்பர வாசகம். ஒரு சின்ன வேடிக்கை: மாலை 7 மணிக்கு முன் அதற்கு உயிர் கிடையாது. அந்த அலைவரிசையில் பகலெல்லாம் குழந்தைகளுக்கான சிபீபீஸ் ஓடும். தூக்கக்கதை சொல்லிக் குழந்தைகளைப் படுக்கைக்கு அனுப்பிய பிறகுதான் பெரியவர்களுக்குக் கதவு திறக்கும். விடுமுறை நாளில் பகலில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு பிபிஎஸ் அமெரிக்காதான் கதி.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது நீளம் என்பேன். வியட்நாம் போரைப் பற்றி கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த தொடர் 10 பகுதி, ஏறக்குறைய 18 மணி நேரம். 2017இல் பிபிசி ஃபோர் அதைக் காட்டியபோது ஒவ்வொரு பகுதியையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கித்தான் காட்டியது. கெட்டிக்காரச் சுருக்கம்தான், கதை எங்கும் அறுபடவில்லை. ஆனால் முழு நீளத்தைப் பிறகு பிபிஎஸ் அமெரிக்காவில் பார்த்தபோதுதான், ஒரு தாய் பேசி முடித்த பிறகு வரும் அந்தச் சில நொடி மௌனங்களும் வெட்டில் போயிருந்தன என்று எனக்குப் பட்டது. பொறுமை உள்ளவர்களுக்கு இந்த விஷயத்தில் போட்டியே இல்லை.

அதே பொறுமையைச் சோதிப்பது விளம்பரம். அமெரிக்காவில் பிபிஎஸ் நிகழ்ச்சிகளை இடைவேளை இல்லாமல் ஓட்டுவார்கள். எழுதுவதும் வெட்டுவதும் அந்தக் கணக்கில்தான். இங்கே வரும் சேனல் விளம்பரத்தில் பிழைப்பது. அதனால் மூச்சு விடக்கூட இடம் வைக்காத ஒரு காட்சிக்கு நடுவே, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான ஆயுள் காப்பீடு எட்டிப் பார்க்கும். போர்க்களத்தில் இளைஞர்கள் செத்துக்கொண்டிருக்க, ஈமச்சடங்குக்கு இப்போதே பணம் கட்டச் சொல்வார்கள். இதற்கு ஒரே மருந்து, ரெக்கார்ட் செய்யும் பெட்டியாக வாங்கி, விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்ப்பது. ஒன்றை ரெக்கார்ட் போட்டுக்கொண்டே இன்னொன்றைப் பார்க்க டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் இறக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பிபிசி ஃபோரில் விளம்பரம் அறவே கிடையாது.

அறிவியலில் இரண்டும் அக்காள் தங்கை. பிபிஎஸ்ஸின் 'நோவா' 1974இல் தொடங்கியது, பிபிசி 1964இல் தொடங்கிய 'ஹொரைசன்' தொடரைப் பார்த்து, அதே அச்சில் பாஸ்டனில் வார்த்தது. பிற்பாடு இருவரும் சேர்ந்தே பல படங்களை எடுத்து, குரலை மட்டும் மாற்றி இரு கரையிலும் ஓட்டினார்கள். நோவா கொஞ்சம் பள்ளிக்கூடத்தனமானது, முதலில் சொன்னதை மூன்றாவது தடவை சொல்லும். என் பதினொரு வயது மகளுக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு பிபிசி ஃபோரின் 'ஸ்கை அட் நைட்'. 1957இல் தொடங்கி, 2014இல் இந்தச் சேனலுக்குக் குடிவந்த வானியல் நிகழ்ச்சி அது. மாதம் ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும் என்றாலும், அவசரப்படாத பேச்சு.

பிபிசி ஃபோர் தனியாக ஜெயிக்கும் இடங்கள் வேறு. வெள்ளிக்கிழமை இரவு இசை. உலகத்து இயக்குநர்களின் படங்களை வாங்கிப் போடும் 'ஸ்டோரிவில்' வரிசை. அப்புறம் யாருக்கும் வராத சில துணிச்சல்கள். 2015இல் ஒரு படகின் முன்னால் கேமராவைக் கட்டி, கெனட் அண்ட் ஏவன் கால்வாயில் இரண்டு மணி நேரம் போனார்கள். வர்ணனை இல்லை, இசை இல்லை. தண்ணீர், வாத்து, பாலம், மறுபடி தண்ணீர். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "உதைப் பாக்கிறதுக்கு நான் கால்வாய்க்கே போகலாம் தம்பி" என்றார். நியாயம்தான், ஆனாலும் நான் இரண்டு தடவை பார்த்தேன்.

இந்தச் சேனலின் குறை, அது இப்போது பழைய சோறு. 2021இல் புதுத் தயாரிப்புகளைக் குறைத்து, பெரும்பாலும் பழைய பெட்டகத்தைத் திறந்து காட்டும் சேனலாக மாற்றுவதாக பிபிசியே அறிவித்தது. பெட்டகம் பெரியது, பொக்கிஷமும் நிறைய. ஆனால் இன்றைய உலகம் அங்கே குறைவு.

அண்ணனுக்கு வேண்டியது இன்றைய உலகம்தான். அவர் பார்ப்பது பிபிஎஸ் அமெரிக்காவில் வரும் 'ஃபிரன்ட்லைன்' படங்களை. சென்னையிலிருந்து வரும் பத்திரிகை இல்லை, 1983இல் தொடங்கிய புலனாய்வுத் தொடர் இது. ஆவணத்தை மேசையில் வைத்து, சம்பந்தப்பட்டவரை எதிரே உட்காரவைத்து, சத்தம் போடாமல் கேள்வி கேட்கும் பாணி. அவர் ஏன் இதில் இப்படி ஒட்டிக்கொண்டார் என்று எனக்கு ஓரளவு விளங்கும். 2011 ஜூன் 14 அன்று இரவு 11 மணிக்கு மேல், இலங்கைப் போரின் கடைசி நாள்களைப் பற்றி சேனல் ஃபோர் (பிபிசி ஃபோர் இல்லை, வேறு சேனல்) காட்டிய படத்தை லண்டனில் பார்க்காத தமிழ் வீடு குறைவு. அந்தச் சேனலும் இதே டிஷ்ஷில் காசில்லாமல் வருவதுதான். அந்த இரவைப் பற்றி அவர் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "அண்டைக்குத்தான் படம் எண்டால் சாட்சி எண்டு விளங்கினது." அப்படிப்பட்டவருக்குக் கால்வாயும் வாத்தும் போதாதுதான்.

ஆனால் பிபிஎஸ் அமெரிக்கா பேர் சொல்வது போல அமெரிக்காவைத்தான் சுற்றும். ஜனாதிபதிகள், உள்நாட்டுப் போர், மறுபடி ஜனாதிபதிகள். இடையில் ஐரோப்பியத் தயாரிப்புகள் கலந்து வரும். தெற்காசியாவை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். ஒரே தொடர் திரும்பத் திரும்பவும் வரும். தவறவிட்டவர்களுக்கு அது வரம், தினமும் உட்காருபவர்களுக்குச் சலிப்பு.

மற்றவற்றை அதிகம் அலச வேண்டியதில்லை. டிஸ்கவரி 2009இல் தொடங்கிய க்வெஸ்ட்டில் பழைய கார், ஏலம், தொழிற்சாலை. துணி மடிக்கும்போது ஓடவிடலாம். யெஸ்டர்டே சேனலில் ஹிட்லர் வாரத்துக்கு நாலு தடவை தோற்பார். அல் ஜசீரா ஆங்கிலத்தில் நல்ல படங்கள் உண்டு, ஆனால் செய்தி நடுவே எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்.

காசு பற்றி ஒரு வார்த்தை. "இலவசம்" என்பதை முழுசாக நம்பிவிடாதீர்கள். பிபிசி பக்கமே போகாமல் பிபிஎஸ் அமெரிக்காவை மட்டும் நேரலையில் பார்த்தாலும் டிவி லைசன்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. அந்தப் பணம் பிபிசிக்குப் போகிறது. பிபிஎஸ் அமெரிக்காவில் நாம் பார்க்கும் படங்களுக்கோ, அமெரிக்க வரிப்பணமும் பாஸ்டனில் யாரோ ஒரு பாட்டி அனுப்பிய நன்கொடையும் ஏற்கெனவே செலவாகியிருக்கின்றன. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. இங்கே நாளைக்கே திரை கறுக்காது. ஆனால் புதுசாக 18 மணி நேரத் தொடர் எடுக்க இனி எத்தனை பேருக்குக் கை வரும்?

எந்தச் சேனலை முதலில் வைப்பது என்று கேட்டால், வரலாறும் அரசியலும் பிடித்தவருக்கு பிபிஎஸ் அமெரிக்கா, ரெக்கார்டிங் பெட்டியோடு. இரவு 9 மணிக்கு மேல் சும்மா உட்கார்ந்து, எது வந்தாலும் பார்ப்பவருக்கு பிபிசி ஃபோர். என் பெட்டியில் பிடித்தவை பட்டியலில் முதல் இடம் பிபிஎஸ்ஸுக்கு, விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு.

ஹார்ட் டிஸ்க்கில் இப்போது 6 சதவீதம்தான் மிச்சம். எதையாவது அழிக்கச் சொல்கிறாள் மனைவி. வியட்நாம் பத்துப் பகுதியும் அப்படியே இருக்கிறது. நேற்று இரவு கால்வாயை அழிக்கப் போய், பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.