தொலைந்த ஷார்ட்கட்டை மீட்க எது எளிது: ரீப்பரா, கியூபேஸா, லாஜிக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டிலேயே சின்ன ஸ்டூடியோ வைத்து கோயில் பஜனை, காவடிப் பாட்டு, உறுமி மேளம் என்று பதிவு செய்பவர்கள், ரீப்பர், கியூபேஸ், லாஜிக் போன்ற பாட்டுப் பதிவு மென்பொருள் வாங்கும்போது ஒலித்தரம், விலை, பிளகின் மூன்றையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். வருஷக்கணக்கில் அமைத்துப் பழகிய ஷார்ட்கட்கள், அதாவது ஒரு கட்டளையை உடனே நடத்தும் விசைகள், ஒரே இரவில் காணாமல் போனால் எதில் மீட்கலாம் என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு குழு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிய பல டேக்குகளில் நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டும் வேலையில், வெட்ட ஒரு விசை, டேக் மாற்ற ஒரு விசை, 10 மில்லிசெகண்ட் தள்ள ஒரு விசை என்று விரல் தானாக ஓடும். புனித வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்குப் பாட்டைக் கொடுத்தாக வேண்டிய வாரத்தில் அது போய்விட்டால் கை ஒடிந்த மாதிரிதான்.

என் தேர்வு ரீப்பர். இந்த மீட்பு விஷயம் ஒன்றுக்காகவே அதன் பக்கம் சாய்கிறேன். மற்றவற்றிலும் நல்லது உண்டு, அதையும் சொல்கிறேன்.

எந்த மென்பொருளானாலும் ஷார்ட்கட் தொலைவதற்குக் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். செட்டிங் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது ஒன்று. 2022, 2023 லோட் ஷெடிங்கை, அந்தத் திட்டமிட்ட மின்வெட்டுகளை, கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய பதிப்புக்கு மாறும்போது மென்பொருள் புது ஃபோல்டரில் தொடங்குவது இன்னொன்று. ஏதோ கோளாறு என்று ‘பிரிஃபரன்ஸை (மென்பொருளின் அமைப்புகளை) அழித்துப் பார்’ என்ற அறிவுரையைக் கேட்டு அழிப்பது மூன்றாவது. கரண்ட் போய் கெட்ட ஃபைலுக்கு ஓர் அடையாளம் உண்டு: அளவு சரியாகவே காட்டும், நோட்பேடில் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மென்பொருள் அதைப் படிக்க முடியாமல் கம்பெனி அமைப்போடு திறக்கும்; மூடும்போது அதையே மேலே எழுதிவிடவும் கூடும். ஆகவே ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்று தெரிந்தவுடன் மூடித் திறந்து பார்க்க வேண்டாம். முதல் வேலை, செட்டிங் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு நகல் எடுப்பது. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

ரீப்பரில் அந்த ஃபோல்டரைத் தேட வேண்டியதே இல்லை. ஆப்ஷன்ஸ் மெனுவில் ‘ஷோ ரீப்பர் ரிசோர்ஸ் பாத்’ என்பதை அழுத்தினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். விண்டோஸில் அது ஆப்டேட்டா, ரோமிங், ரீப்பர் என்ற வரிசையில் இருக்கிறது. அதில் ‘ரீப்பர்-கேபி’ என்ற ஐஎன்ஐ ஃபைல்தான் நமக்கு வேண்டியது. வெறும் எழுத்து ஃபைல்; எந்த நோட்பேடிலும் திறக்கும். நீங்கள் மாற்றியவை மட்டும் வரிக்கு ஒன்றாக இருக்கும். ‘கீ 1 88 40012 0’ என்று ஒரு வரி இருந்தால், துணை விசை எதுவும் இல்லாமல் (1) எக்ஸ் எழுத்தை (88) அழுத்தினால் ஐட்டத்தை, அதாவது டிராக்கில் இருக்கும் ஒலித் துண்டை, வெட்டும் கட்டளை (40012) முதன்மைத் திரையில் (0) நடக்கும் என்று அர்த்தம். முதல் எண் 9 ஆனால் கன்ட்ரோல், 5 ஆனால் ஷிஃப்ட், 17 ஆனால் ஆல்ட். கடைசி எண் 32060 என்றால் அது மிடி எடிட்டருக்கானது, அதாவது மிடி ஸ்வரங்களைத் திருத்தும் ஜன்னலுக்கானது.

இதைத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்? பாதி கெட்ட ஃபைலிலிருந்து பிழைத்த வரிகளை வெட்டி எடுக்கலாம். போன வருஷத்துப் பழைய நகலும் இப்போதைய ஃபைலும் இரண்டும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து வேண்டிய வரிகளை மட்டும் சேர்க்கலாம். ரீப்பரை மூடிவிட்டு, கெட்டதற்கு வேறு பெயர் கொடுத்து வைத்து, நல்லதை அதே பெயரில் போட்டுத் திறந்தால் விசைகள் வந்துவிடும்.

ஆனால் விசைகள் வந்தும் சில மட்டும் அசையாமல் நிற்கும். எல்லா மென்பொருளிலும் மக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஷார்ட்கட் என்பது ஒரு சுட்டுவிரல் மட்டும். அது சுட்டும் பொருளும் கூடவே வர வேண்டும். ரீப்பரில் அந்தப் பொருள் நான்கு வகை. மென்பொருளோடு வரும் கட்டளை என்றால் கவலையே இல்லை. பல கட்டளைகளைச் சேர்த்து நீங்கள் கோத்த கஸ்டம் ஆக்‌ஷன் என்றால் அதுவும் அதே ஃபைலில் ‘ஏசிடி’ என்று தொடங்கும் வரியாக இருக்கும். ‘கீ’ வரியை மட்டும் எடுத்துவிட்டு ‘ஏசிடி’ வரியை விட்டால் விசை செத்த விசைதான். ஸ்க்ரிப்ட் என்றால் ‘எஸ்சிஆர்’ வரியில் அதன் இடம் குறித்திருக்கும். ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரில் அந்த ஃபைல் அதே இடத்தில் அதே பெயரில் இருந்தாக வேண்டும். நான்காவது, ரீப்பரோடு தனியாக நிறுவிச் சேர்க்கும் எஸ்டபிள்யூஎஸ் நீட்சியின் கட்டளைகள். நீட்சியை நிறுவாத கணினியில் அந்த விசைகளுக்கு வேலை இல்லை. முதலில் அதை நிறுவி, பிறகு ரீப்பரைத் திறந்தால் சரியாகும். மவுஸ் அமைப்புகள் ‘ரீப்பர்-மவுஸ்’ ஃபைலிலும், மாற்றிய மெனுக்கள் ‘ரீப்பர்-மெனு’ ஃபைலிலும் தனித்தனியாக இருக்கின்றன. ஷார்ட்கட் எல்லாம் வந்த பிறகும் ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் விடுபட்டிருக்கும்.

இவ்வளவையும் தனித்தனியாகப் பொறுக்க விருப்பமில்லாதவர்களுக்கு பிரிஃபரன்ஸஸில் ஜெனரல் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்’ இருக்கிறது. எதெது வேண்டும் என்று டிக் போட்டால் ஒரே ஜிப் கட்டாகக் கொடுத்துவிடும். விசைகள் மட்டும் போதும் என்றால் கட்டு மிகச் சிறியது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே டாக்குமென்டாக அனுப்பி வைத்துக்கொள்ளலாம். டேட்டா விலை பார்த்துச் செலவழிக்கும் ஊரில் இது கிளவுட் சந்தாவைவிடச் சுலபம். லேப்டாப்பே திருடு போனாலும் விசைகள் ஃபோனில் இருக்கும்.

கியூபேஸ் இதில் மோசம் என்று சொல்ல மாட்டேன். விசைகள் ‘கீ கமாண்ட்ஸ்’ என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில், விண்டோஸில் ரோமிங் உள்ளே ஸ்டெய்ன்பெர்க் ஃபோல்டரில், பதிப்புக்கு ஒரு ஃபோல்டராக இருக்கின்றன. கியூபேஸ் 13இன் ஃபோல்டர் வேறு, 14இன் ஃபோல்டர் வேறு. இதில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு: புதியதில் தொலைந்தாலும் பழைய பதிப்பின் ஃபோல்டரை அழிக்காமல் விட்டிருந்தால் அங்கே பழைய விசைகள் பத்திரமாக இருக்கும். கீ கமாண்ட்ஸ் பெட்டியில் இம்போர்ட் கொடுத்து அதைக் கூப்பிடலாம். ரீப்பர் புதுப்பிக்கும்போது அதே ஃபோல்டரையே தொடர்ந்து பயன்படுத்துவதால் இந்தத் தற்செயல் நகல் அங்கே கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் கியூபேஸ் மேல்.

சிக்கல் மேக்ரோவில், அதாவது பல கட்டளைகளை ஒரே விசையில் கோத்ததில், வருகிறது. மேக்ரோக்கள் அதே எக்ஸ்எம்எல்லில் வந்துவிடும். ஆனால் புராஜெக்ட் லாஜிக்கல் எடிட்டர் என்ற கியூபேஸ் கருவியில் செய்து வைத்த பிரீசெட்டை மேக்ரோ கூப்பிட்டால், அந்தப் பிரீசெட் வேறு ஃபோல்டரில் இருக்கிறது. அதையும் தனியாகக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்எம்எல் என்பதால் கையால் திருத்தவும் முடியும், ஆனால் ஒரு குறி தவறினாலும் முழு ஃபைலும் படிக்க முடியாததாகிவிடும். ரீப்பரில் ஒரு வரி கெட்டால் அந்த ஒரு விசை போவதோடு சரி. இன்னொன்றில் ஜாக்கிரதை வேண்டும்: கியூபேஸ் திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தால் வரும் பெட்டியில், பிரிஃபரன்ஸை ‘முடக்கு’ என்றும் ‘அழி’ என்றும் இரண்டு உண்டு. கோளாறைச் சோதிக்க முடக்கினாலே போதும். அழித்தால் விசைகளும் சேர்ந்து போகும்.

லாஜிக் மேக்கில் மட்டும் ஓடுவது. எங்கள் பக்கம் புழங்குகிறவர்கள் கொஞ்சம்தான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்ஷனும் கேயும் அழுத்தினால் கீ கமாண்ட்ஸ் ஜன்னல் திறக்கும், அங்கேயே எக்ஸ்போர்ட், இம்போர்ட் இரண்டும் உண்டு. பிரிஃபரன்ஸும் விசைகளும் வெவ்வேறு ஃபைலில் இருப்பது அதன் பெரிய பலம். ‘கீ கமாண்ட்ஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் ரீசெட் செய்’ என்றே மெனுவில் ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நேற்றைய ஃபைலையும் எடுத்துவிடலாம். விசைப் பட்டியலை எழுத்தாக கிளிப்போர்டுக்கு நகல் எடுக்கும் வசதியும் இருக்கிறது; எல்லாம் போனாலும் பார்த்துப் பார்த்துக் கையால் போடலாம். ரீப்பரில் இதற்குச் சமமானது ஹெல்ப் மெனுவில் வரும் விசைப் பட்டியல். அதை ஒரு முறை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைப்பது வீண் வேலை இல்லை.

இன்னொரு பாட்டு மென்பொருளான ஏபிள்டன் லைவை இந்த வரிசையில் வைப்பதே பொருந்தாது. அதன் சொந்த ஷார்ட்கட்களை மாற்ற வழி இல்லை. கன்ட்ரோலும் கேயும் அழுத்தி நீங்கள் போடும் விசைகள் அந்தப் பாட்டின் செட் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. ஆகவே தொலைந்தால் தேட வேண்டியது புராஜெக்டின் பேக்கப் ஃபோல்டரில். அங்கே கடைசியாகச் சேமித்த 10 நகல்கள் தேதி, நேரத்தோடு இருக்கும்.

பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் உறவினரிடமிருந்தோ கூட்டாளியிடமிருந்தோ ரீப்பர் விசை ஃபைலைக் கடன் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும் பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகை. விண்டோஸில் எழுத்து விசைகள் எழுத்தைப் பின்தொடர்ந்தே வரும், அதனால் வேலை செய்யும். விரல் இடம் மட்டும் மாறும். சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்ற குறி விசைகளில் போட்டவை மட்டும் வேறு குறி அச்சிட்ட விசைக்குத் தாவிவிடும். அவற்றை ஃபைலில் திருத்த முயல வேண்டாம். ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து, அந்தக் கட்டளையைத் தேர்ந்து, விசையை ஒரு முறை அழுத்திப் புதிதாகப் போடுவதே விரைவு.