புது ஊரில் எதில் ஏறுவது? மெட்ரோ, பஸ், டாக்ஸி, நடை

பெரிய நகரம் ஒன்றுக்கு முதல் தடவை போகிறவர்கள் மெட்ரோவா பஸ்ஸா என்று யோசிக்கும்போது வேகத்தையும் கட்டணத்தையும்தான் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு அந்தக் கணக்கு போதும். புதிதாக வருகிறவர் எப்படியும் எங்காவது தவறுவார். எதிர்த்திசை வண்டியில் ஏறுவார், இல்லையென்றால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவார். அதனால், தப்பு செய்தால் எதில் நஷ்டம் குறைவு என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த வகையில் மெட்ரோவுக்குத்தான் முதலிடம். தடம் மாறாது, ஸ்டேஷன் பெயர் கண்ணெதிரே இருக்கும், யாரிடமும் வாய் திறந்து பேச வேண்டியதில்லை. திசை தவறினாலும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தால் போயிற்று, பத்து நிமிடத்தோடு முடிந்துவிடும். ஏறுவதற்கு முன் உங்கள் தடத்தின் நிறத்தைவிட, அந்த ரயில் போய்ச் சேரும் கடைசி ஸ்டேஷனின் பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் நடைமேடைப் பலகை திசையை அந்தப் பெயரால்தான் சொல்லும்.

ஆனால் எல்லா மெட்ரோவும் இவ்வளவு தாராளமாக மன்னிக்காது. நியூயார்க்கில் சில ஸ்டேஷன்களில் இரண்டு திசைக்கும் வாசலே தனித்தனி. தவறான வாசலில் நுழைந்துவிட்டால் உள்ளிருந்தபடி மறுபக்கம் போக வழி கிடையாது. வெளியே வந்து, சாலையைக் கடந்து, மறுபடி கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனை அது நிற்காமல் தாண்டிவிடவும் கூடும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வெளிவாசல்கள் மட்டும் இருநூறுக்கு மேல். ரயிலில் சரியாக வந்து இறங்கியவர்கூட வாசலைத் தவறவிட்டால் மேலே ஏறி நன்றாகவே சுற்றுவார். ஆகவே ஸ்டேஷன் பெயரோடு வாசல் எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது.

மெட்ரோவில் இன்னொரு வலை அதன் வரைபடம். 1933-இல் லண்டனில் ஹாரி பெக் வரைந்த மெட்ரோ வரைபடம் வெளியானது. தூரத்தையும் வளைவுகளையும் விட்டுவிட்டு, மின்சுற்றுப் படம் போல நேர்கோடுகளாக அவர் போட்டதைத்தான் பல நகரங்கள் இன்றுவரை பின்பற்றுகின்றன. எங்கே மாற வேண்டும் என்பதை அது அழகாகச் சொல்லும். இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லவே சொல்லாது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே ஏறக்குறைய 260 மீட்டர்தான். வரைபடத்தை நம்பி ரயிலேறுகிறவர் லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். பொறுமையில்லாமல் படியேறினால் கோவென்ட் கார்டனில் 193 படிகள். நடந்தவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

நகர மையத்துக்குள் நடைதான் என் தேர்வு. வழி தவறினாலும் ஒரு தெரு கூடுதலாகப் பார்த்த கணக்கு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும், சுரங்கப்பாதையிலிருந்து மேலே வந்தவுடன் போனில் இருக்கும் நீலப் புள்ளி தப்பான பக்கத்தைக் காட்டும். கொஞ்ச தூரம் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பஸ் ஊரைக் காட்டும். அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் தலைப்பில் சொன்ன நான்கில் தவறுக்கு அதிகம் தண்டிப்பதும் அதுதான். சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கும். ஒருவழிச் சாலைகள் உள்ள பகுதியில் திரும்பி வரும் பஸ் அடுத்த தெருவில் போகும், இறங்கிய இடத்துக்கு எதிரே நின்று காத்திருப்பது வீண். காசு வாங்காத ஊர்களும் உண்டு. லண்டன் பஸ்களில் 2014 முதல் ரொக்கம் செல்லாது, கார்டோ போனோ தட்ட வேண்டும். அதே லண்டனில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸில் ஏறினால் இரண்டாம் கட்டணம் இல்லை. இப்படி ஒரு சலுகை இருக்கும் ஊரில் பஸ்ஸில் தைரியமாகத் தவறலாம். இல்லாத ஊரில், வெளிச்சமும் நேரமும் கையில் இருக்கும்போது மட்டும் ஏறுங்கள்.

இறங்கி ஏறும் சுற்றுலா பஸ்ஸைப் போக்குவரத்துக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அது காட்சி. வாடகை சைக்கிளும் முதல் நாளுக்கு வேண்டாம், அந்த ஊர் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது முதலில் உடம்புக்குப் பழகட்டும்.

டாக்ஸியில் வழி தவற வாய்ப்பு குறைவு, அந்த நிம்மதிக்குத்தான் விலை. நெரிசல் நேரத்தில் செயலி வழி வண்டிகளின் கட்டணம் ஏறும், வண்டியோ நகராது. அப்போது மெட்ரோவே மேல். இரண்டு பெட்டியோடு இரவில் விமான நிலையத்தில் இறங்கினால் யோசிக்காமல் டாக்ஸி. வாசலில் வந்து கையைப் பிடித்து அழைப்பவரோடு போகாமல், முறையான டாக்ஸி வரிசையில் நில்லுங்கள், அல்லது செயலியில் வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். பகலில், ஒரே பையோடு, நகரத்துக்குள் நேராகப் போகும் ரயில் இருந்தால் அதுவே போதும்.

சாயங்காலம் வெளியே கிளம்பினால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பாருங்கள். நியூயார்க் சப்வே இரவு முழுக்க ஓடும். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில்கள் நின்று, காலை ஐந்து மணி வாக்கில்தான் மறுபடி கிளம்பும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டால் டாக்ஸிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை.