எடை போடச் சொல்லி எழுதிக் கொடுக்காமல் சரக்கை எடுக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து மாட்டுத்தீவனம் மொத்த வியாபாரம் செய்கிறோம். ரயிலில் சரக்கு எடுப்பவர்கள், முக்கியமாக முதல் தடவை எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போங்கள்.

நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து பீகாரிலிருந்து மக்காச்சோளம் வரவழைத்தோம். எங்கள் பங்கு ஒரு வேகன். 50 கிலோ மூட்டை 1,200, அதாவது 60 டன். வடசென்னையில் உள்ள ஒரு ஷெட்டில் ரேக், அதாவது சரக்கு ரயில், வந்து நின்றது. எந்த ஷெட் என்று இங்கே எழுதப்போவதில்லை, வழக்கு நடக்கிறது.

வேகனைத் திறக்கும்போதே லோடுமேன் மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார். "அண்ணே, அந்தப் பக்கக் கதவுல சீல் இல்ல, பாருங்க." போய்ப் பார்த்தேன். கதவை ஒட்டி அடுக்கியிருந்த மூட்டைகள் தையல் பிரிந்து தொங்கின. உடனே ஆபீசுக்குப் போய், எடை போட்டுத்தான் எடுப்பேன் என்றேன். அங்கே இருந்தவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "யார்டுல எடமே இல்ல சார், இப்ப எடை போட முடியாது. அதிகாரி வரணும்னா நாளைக்குத்தான். அதுவரைக்கும் டெமரேஜ் உங்க தலைல. கையெழுத்து போட்டு எடுத்துக்குங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்."

வேகன் நின்றால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம், இறக்கிப் போட்டு எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற இடக் கட்டணம். வெளியே லாரிகள் வேறு வாடகைக்கு நிற்கின்றன. கையெழுத்துப் போட்டேன், சரக்கு குறைவு என்று ஒரு வரிகூட எழுதாமல்.

லாரிகளை எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தனியார் எடை மேடையில் ஏற்றினோம். எல்லாச் சீட்டையும் கூட்டினால் 58,310 கிலோ. 1,690 கிலோ குறைவு, பணமாகச் சுமார் 40,000 ரூபாய். குடோனில் எண்ணிப் பார்த்தால் 9 மூட்டைகளைக் காணவில்லை, 34 மூட்டைகள் பாதிக்கு மேல் காலி.

நஷ்டஈடு கேட்டு ரயில்வேக்குக் கிளெய்ம் எழுதினேன். முடியாது என்று வந்த பதிலில் மூன்று காரணங்கள். ஆர்.ஆரில் (சரக்குக்கு ரயில்வே கொடுக்கும் ரசீதில்) 'அனுப்புநர் சொன்ன எடை' என்றுதான் இருக்கிறது, நாங்கள் எடை போடவில்லை. நீங்கள் எடை போடச் சொல்லிக் கேட்டதாக எங்களிடம் எந்தக் கடிதமும் இல்லை. சோளம் ஈரம் காய்ந்து எடை குறைந்திருக்கும்.

ஈரம் காய்ந்தால் எல்லா மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கதவோரத்து 34 மூட்டையில் மட்டும் தலா 30 கிலோ காயுமா? 9 மூட்டை முழுசாகக் காய்ந்து சாக்கோடு மறைந்துவிடுமா? இரண்டையும் சேர்த்தாலே 1,470 கிலோ. மீதி 220 கிலோவை வேண்டுமானால் காய்ந்த கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் முதல் காரணம்தான் என்னை மாட்டிவிட்டது. வக்கீலிடம் போன பிறகுதான் புரிந்தது. ரயில்வே சட்டம் 1989-இன் 65ஆம் பிரிவுப்படி, வேகன் லோடாக வரும் சரக்கை ரயில்வே ஊழியர் சரிபார்க்காமல், அதை ஆர்.ஆரில் குறித்தும் விட்டால், எடையையும் மூட்டை எண்ணிக்கையையும் நிரூபிக்க வேண்டியது நாம்தான். எடை போடாதது அவர்கள், நிரூபிக்க வேண்டியது நான்! இத்தனை வருட வியாபாரத்தில் ஆர்.ஆரில் அந்தக் குறிப்பை நான் ஒரு தடவையும் நின்று படித்ததில்லை.

டெலிவரியின்போது எடை போடச் சொல்லிக் கேட்க 79ஆம் பிரிவில் வழி இருக்கிறது, கட்டணம் உண்டு. யார்டில் நெரிசல் என்றால் மறுக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அப்படி மறுத்தாலும் பரவாயில்லை, நாம் கேட்டது தாளில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் உடைந்திருந்தாலோ மூட்டை கிழிந்திருந்தாலோ 81ஆம் பிரிவுப்படி ஓப்பன் டெலிவரி, அதாவது ரயில்வே ஆள் முன்னாலேயே சரக்கைப் பிரித்துப் பார்த்து, குறையை எழுதிக் கொடுப்பது, கேளுங்கள். நாம் கேட்டால் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். அன்று இது தெரிந்திருந்தால் ஒரு நாள் டெமரேஜ் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். வெளியே போட்ட எடைச் சீட்டைக் காட்டினால், ஷெட்டைத் தாண்டிய பிறகு வழியில் குறைந்திருக்கலாமே என்கிறார்கள்.

இன்னொன்று, 106ஆம் பிரிவு. கிளெய்ம் நோட்டீசுக்கு ஆறு மாதம்தான் கெடு. அது சரக்கு நம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அனுப்பும் ஊரில் ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து. "பார்த்துக்கலாம், பேசிக்கலாம்" என்று இழுத்தவர்களை நம்பி நான் நான்கு மாதம் விட்டுவிட்டேன். நல்லவேளை, பதிவுத் தபால் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது.

இப்போது விஷயம் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலின் சென்னை அமர்வில் இருக்கிறது. மேஸ்திரி சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார். சீல் இல்லாத கதவை அன்று மொபைலில் எடுத்த இரண்டு படங்கள் என்னிடம் உண்டு, ஆனால் வேகன் நம்பர் அவற்றில் பாதிதான் தெரிகிறது. அதே ரேக்கில் சரக்கு எடுத்தவர்கள் யாரிடமாவது அந்தப் பக்கம் எடுத்த படம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.